மாடு தின்ன வேண்டிய சோளத்தை மோட்டார் தின்ற கதை

ஜெர்மனியின் வடக்குப் பக்கக் கிராமங்களில் ஒரு விநோதமான காட்சியைப் பார்க்கலாம். வயல்களுக்கு நடுவே பெரிய பெரிய குன்றுகள். அவற்றின் மேல் கறுப்பு அல்லது வெள்ளை பிளாஸ்டிக் ஷீட். அந்த ஷீட்டின் மேல் நூற்றுக்கணக்கில் பழைய கார் டயர்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் குப்பைமேடு என்றுதான் நினைப்பார்கள்.

குப்பை இல்லை. உள்ளே இருப்பது ஊறுகாய்!

மாடு வளர்ப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். சைலேஜ் என்று சொல்கிறோமே, அந்த ஊறுகாய்ப் புல்தான். மக்காச்சோளச் செடியைக் கதிரோடு சேர்த்துப் பொடிப்பொடியாக வெட்டி, காற்றுப் புகாமல் அமுக்கி மூடிவைத்தால் சில வாரங்களில் புளித்துப் போகும். பிறகு மாதக்கணக்கில் கெடாது. மாடு இதை ருசித்துத் தின்னும். நம் ஊரிலும் இப்போது பெரிய பண்ணைகளில் குழியாகவோ மூட்டையாகவோ போட்டுவைக்கிறார்கள்.

ஆனால் அந்த ஜெர்மன் குன்றுகளில் பலவற்றுக்கும் மாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்திலேயே பச்சை நிறத்தில் குடை கவிழ்த்த மாதிரி ஒரு வட்டமான தொட்டி நிற்கும். ஊறுகாய் முழுவதும் அதற்குத்தான் தீனி. தொட்டிக்குள் அது அழுகி வாயுவாகும், வாயு மோட்டாரில் எரிந்து மின்சாரமாகும். அந்த நாட்டில் மக்காச்சோளம் பயிராகும் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 லட்சம் ஏக்கருக்கு மேல், இப்படி மோட்டாருக்குத் தீனி போடவே உழப்பட்டது.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தார்கள்? அதுதான் இந்த வாரக் கதை.

முதலில் சமையல் குறிப்பு. செப்டம்பர், அக்டோபரில் சோளம் பால் பிடித்து மாவாகும் பருவத்தில் அறுவடை. செடியில் 30 முதல் 35 சதவீதம் உலர்பொருள் இருக்க வேண்டும், மீதி ஈரம். ஈரம் கூடினால் சாறு வழியும். அந்தச் சாறு லேசுப்பட்டது இல்லை, ஓடையில் கலந்தால் வீட்டுச் சாக்கடையைவிடப் பல மடங்கு மோசமாகத் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மீன்களைக் கொன்றுவிடும். ஈரம் குறைந்தாலும் ஆபத்துதான். அமுக்க முடியாமல் உள்ளே காற்று தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

அறுவடை மெஷின் செடியைச் சென்டிமீட்டருக்கும் குறைவான துண்டுகளாக வெட்டிப் பக்கத்தில் ஓடும் டிராக்டர் டிரெய்லரில் துப்பும். டிரெய்லர்கள் இரவு பகலாக வரிசை கட்டி வரும். கொட்டக் கொட்ட, மேலே ஒரு கனமான டிராக்டர் முன்னும் பின்னும் போய் மிதித்துக்கொண்டே இருக்கும். நம் பாட்டிகள் மாங்காய் ஊறுகாயை ஜாடியில் அழுத்தி, துணி கட்டி, மேலே கல் வைப்பார்களே, அதே தத்துவம்தான். துணிக்குப் பதில் பிளாஸ்டிக், கல்லுக்குப் பதில் டயர். உள்ளே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் செடியின் சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்கும். தயிரைப் புளிக்கவைப்பதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அமிலத்தன்மை நான்கு பி.எச். அளவுக்கு வந்ததும் மற்ற கிருமிகளுக்கு அங்கே வேலை இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவைதான் அறுவடை. ஆனால் தொட்டிக்கு 365 நாளும் பசிக்கும். அதனால்தான் ஊறுகாய்.

தொட்டியும் நமக்குப் புதிது இல்லை. கிராமத்தில் வளர்ந்தவர்கள் கோபர் கேஸ் பார்த்திருப்பீர்கள். கவிழ்த்த இரும்பு டிரம் வாயு சேரச் சேர மேலே எழும்பும், அடுப்பு பற்றவைத்தால் கீழே இறங்கும். கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960-களிலிருந்து பரப்பிய மாதிரி அது. ஜெர்மன் தொட்டி அதன் பணக்காரப் பெரியப்பா. பல ஆயிரம் கன மீட்டர் கொள்ளளவு, காங்கிரீட் சுவர், உள்ளே கலக்கிவிட ராட்சத மத்து, மேலே இரட்டை அடுக்கு ரப்பர் கூரை. 40 டிகிரி செல்சியஸ் சுமாருக்குச் சூடாக வைத்திருப்பார்கள்.

உள்ளே நடப்பது மாட்டு வயிற்றில் நடப்பதன் நீட்சி. ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் மாவையும் நாரையும் உடைத்துச் சர்க்கரையாக்கும். அடுத்த கூட்டம் சர்க்கரையை அமிலங்களாக்கும். இன்னொன்று அதை வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலமாக்கும். கடைசியில் ஆர்க்கியா என்ற மிகப் பழமையான உயிரினங்கள் அதிலிருந்து மீத்தேனை உண்டாக்கும். இந்தக் கடைசிப் பந்திக்காரர்கள் ரொம்ப நிதானமானவர்கள், காற்று பட்டாலே ஒடுங்கிப் போவார்கள். முன்பந்தி வேகமாக அமிலம் தள்ள, பின்பந்தி சாப்பிட்டு முடிக்க முடியாமல் திணறினால் தொட்டி முழுக்கப் புளித்து வாயு நின்றுவிடும்.

பொங்கல் முடிந்ததும் கால்நடை மருத்துவர்கள் ஒவ்வொரு வருஷமும் ஓர் எச்சரிக்கை தருவார்கள், கவனித்திருக்கிறீர்களா? ஆசையாக மாட்டுக்கு நிறையப் பொங்கலும் சோறும் ஊட்டாதீர்கள், வயிற்றில் அமிலம் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும் என்று. தொட்டிக்கும் அதே வியாதிதான் வரும். வெறும் சோளத்தையே போட்டால் கொஞ்ச காலம் அமோகமாக வாயு வரும். பிறகு நிக்கல், கோபால்ட், செலினியம் போன்ற நுண்சத்துகள் தீர்ந்துபோய் ஆர்க்கியாக்கள் சோர்ந்துவிடும். மருந்து என்ன? சாணிக்கரைசல். அதில் அந்தச் சத்தெல்லாம் இயற்கையாகவே உண்டு. சாணி கிடைக்காதவர்கள் அந்தச் சத்துகளைப் பொடியாகக் கடையில் வாங்கிப் போடுகிறார்கள். (மாட்டை விலக்கிவிட்டு மாட்டு வயிற்றின் வேலையை மட்டும் வாங்க நினைத்தால் இப்படித்தான்!)

சரி, சாணி போட்டாலே வாயு வருமே, சோளம் எதற்கு என்கிறீர்களா? கணக்கு இருக்கிறது. ஒரு டன் மாட்டுச் சாணிக்கரைசலில் கிடைப்பது சுமார் 25 கன மீட்டர் வாயு. ஒரு டன் சோள சைலேஜில் சுமார் 200. எட்டு மடங்கு! சாணியில் இருக்கும் நல்லதையெல்லாம் மாடு முன்கூட்டியே சாப்பிட்டுவிட்டதே.

இந்த எட்டு மடங்கு எல்லாருக்கும் முன்பே தெரியும். ஆனால் 2000 வரை ஜெர்மனியில் இருந்த ஆயிரம் ஆலைகள் பெரும்பாலும் சாணியிலும் கழிவிலும்தான் ஓடின. அந்த வருஷம் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கென ஒரு சட்டம் வந்தது. காற்றாலையோ சூரியத் தகடோ வாயு ஆலையோ, மின்சாரம் தயாரித்தால் கட்டாயம் வாங்கிக்கொள்வோம், 20 வருஷத்துக்கு விலை உறுதி என்றது அரசு. அந்தப் பணம் மக்களின் மின்கட்டணத்தில் சேர்த்து வசூலிக்கப்பட்டது.

2004-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். திருப்பம் இங்கேதான். சின்ன ஆலைகளின் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 11.5 சென்ட் அடிப்படை விலை. ஆனால், வயலில் விளைந்த பயிரைப் போட்டு ஓட்டினால் மேலே 6 சென்ட் போனஸ். அதில் ஒரு நிபந்தனை வேறு. போனஸ் வேண்டுமென்றால் பயிரும் சாணியும் தவிர வேறு எதையும் தொட்டியில் போடக் கூடாது. ஹோட்டலில் மிஞ்சிய சாப்பாட்டைக் கொண்டுவந்து கொட்டினால் போனஸ் போச்சு!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மிஞ்சிய சோற்றைப் போட்டால் தண்டனை, மாடு தின்னும் சோளத்தைப் போட்டால் பரிசு. சட்டம் எழுதியவர்கள் விவசாயிகளுக்கு நல்லது செய்யத்தான் நினைத்தார்கள். அன்றைக்குத் தானிய விலை அடிமட்டத்தில் கிடந்தது, நிலங்களைத் தரிசாகப் போடச் சொல்லி ஐரோப்பிய ஒன்றியமே பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. நிலம் சும்மா கிடப்பதற்கு மின்சாரமாவது விளையட்டுமே என்ற எண்ணம் அப்போது தப்பாகத் தெரிந்திருக்காது.

2009-ல் போனஸை 7 சென்ட் ஆக்கி, தொட்டியில் எடைக்கணக்கில் 30 சதவீதம் சாணிக்கரைசல் சேர்த்தால் மேலும் 4 சென்ட் என்றார்கள். சாணியை ஊக்குவிக்கத்தான். ஆனால் 30 பங்கு சாணியும் 70 பங்கு சோளமும் போட்டால் வருகிற வாயுவில் நூற்றுக்கு 95 பங்கு சோளத்திலிருந்து வருகிறது. சாணி போனஸை வைத்துக்கொண்டு இன்னும் அதிகமாகச் சோளம் போட்டார்கள். ஆயிரமாக இருந்த ஆலைகள் 2011-ல் ஏழாயிரத்தைத் தாண்டின. ஜெர்மன் மொழியில் விவசாயிக்கு லாண்ட்விர்ட் என்று பெயர். அதில் நிலத்தை எடுத்துவிட்டு எனர்கிவிர்ட் என்று கிண்டலாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் இனி சக்தி விளைவிப்பவராம். கிண்டலாக வந்த சொல், பிறகு சிலர் பெருமையாகவே சொல்லிக்கொள்ளும் பெயராகிவிட்டது.

இதில் அடிபட்டவர் பக்கத்து வீட்டுப் பால்காரர்.

ஜெர்மன் விவசாய நிலத்தில் பாதிக்கும் மேல் குத்தகை நிலம். 2009-ல் அங்கே பால் கொள்முதல் விலை சரிந்து லிட்டருக்கு 20 சென்ட் அளவுக்கு வந்துவிட்டது. மாட்டுக்காரர்கள் டிராக்டரோடு ஊர்வலம் போனார்கள். அதே தெருவில் வாயு ஆலை வைத்திருந்தவருக்கோ 20 வருஷத்துக்கு விலை உறுதி. குத்தகை முடிந்து நிலத்துக்காரர் புது விலை கேட்கும்போது யாரால் ஏற்றிச் சொல்ல முடியும்? ஆலை அதிகமாக இருந்த மாவட்டங்களில் குத்தகை விறுவிறுவென ஏறியது. தலைமுறையாக மாடு மேய்த்த நிலம் கைமாறியது. பால்காரரும் தன் வீட்டு மின்கட்டணத்தில் அந்த போனஸுக்கான பங்கைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்!

சின்ன ஆலைக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று ஒரு கணக்குப் போடலாம். 500 கிலோவாட் ஆலை என்றால் ஆயிரத்துச் சொச்சம் ஜெர்மன் வீடுகளுக்கு மின்சாரம் தரும். அதற்கு ஒரு நாளைக்கு 26 டன் சோள ஊறுகாய் வேண்டும். வருஷத்துக்கு ஒன்பதாயிரம் டன்னுக்கு மேல். ஏக்கருக்கு 18 டன் விளைந்தால்கூட 500 ஏக்கர் தாண்டிவிடும். ஓர் ஏக்கர் சோளத்திலிருந்து ஒரு வருஷத்துக்குக் கிடைப்பது 7,600 யூனிட் மின்சாரம். அதே ஏக்கரில் சூரியத் தகடு பதித்தால், வெயில் குறைந்த ஜெர்மனியிலேயே 30 மடங்குக்கு மேல் கிடைக்கும்.

2012 வாக்கில் 'சோளமயம்' என்று பொருள்படும் ஒரு வார்த்தை பத்திரிகைகளில் தினமும் வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆள் உயரச் சோளக்காடு. தரையில் கூடு கட்டும் வானம்பாடிக்கும் ஆள்காட்டிக்கும் இடம் இல்லை, காட்டுப்பன்றிக்கு மட்டும் கொண்டாட்டம். புல்வெளிகளை உழுதார்கள். சில இடங்களில் நீர் வடித்த சதுப்பு நிலத்திலும் சோளம் போட்டார்கள். அந்த மண்ணிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவைக் கணக்கில் சேர்த்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம் என்றே தெரியவில்லை. 'தட்டுக்கா, டேங்குக்கா' என்ற சண்டையும் சேர்ந்துகொண்டது. (ஜெர்மனிலும் இரண்டு சொல்லும் 'ட'வில்தான் ஆரம்பிக்கும். கோஷம் போட வசதி.)

அரசு விழித்துக்கொண்டது. 2012 முதல் கட்டும் புது ஆலைகளில் சோளமும் தானியமும் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மூடி போட்டது. பேச்சு வழக்கில் அதற்கு 'சோள மூடி' என்றே பெயர். 2014-ல் பயிருக்கான போனஸே போய்விட்டது. 2021 சட்டத்தில் மூடி 40 சதவீதத்துக்கு இறங்கியது. புது ஆலை கட்டுவது அநேகமாக நின்றுபோனது. ஆனால் பழைய ஆலைகளுக்குக் கொடுத்த 20 வருஷ வாக்கை அரசு மீற முடியாதே!

இவ்வளவும் படித்துவிட்டு, எல்லாம் வீண் வேலை என்று நினைத்தால் அதுவும் நியாயம் இல்லை. கோட்டிங்கன் நகரத்துக்குப் பக்கத்தில் யூண்டே என்று ஒரு குட்டி ஊர். எழுநூற்றுச் சொச்சம் பேர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்து ஆட்கள் துணை நிற்க, ஊர்க்காரர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து வாயு ஆலை கட்டி, 2005-ல் ஜெர்மனியின் முதல் 'உயிர்சக்தி கிராமம்' ஆனார்கள். மோட்டாரில் மின்சாரம் எவ்வளவு வருகிறதோ ஏறக்குறைய அதே அளவு சூடும் வரும். பல ஆலைகள் அந்தச் சூட்டைச் சும்மா காற்றில் விட்டுக்கொண்டிருந்தன. யூண்டேயில் அதை வெந்நீராக்கி, தரைக்கடியில் குழாய் போட்டு, பெரும்பாலான வீடுகளுக்குக் கொடுத்தார்கள். எண்ணெய் அடுப்பைக் கழற்றிப் போட்டார்கள். ஜெர்மனியில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க ஆகும் செலவு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பிறகு 2022 வந்தது. உக்ரைன் போர், ரஷ்ய எரிவாயு நின்றது. நேற்றுவரை திட்டு வாங்கிய ஆலைகளிடம், உங்கள் உற்பத்தி உச்சவரம்பைத் தற்காலிகமாக எடுத்துவிடுகிறோம், முடிந்த அளவு ஓட்டுங்கள் என்றது அரசு. மாமியார் மெச்சிய மருமகள் கதைதான்.

இன்றைக்கு அந்த ஆலைகளின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. சூரிய மின்சாரம் மதியம் கொட்டுகிறது, சில நாள் விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போகிறது. சாயங்காலம் இருட்டியதும் தட்டுப்பாடு. வாயுவை ரப்பர் கூரைக்குள் சேர்த்துவைத்து, காலையிலும் மாலையிலும் மட்டும் பெரிய மோட்டாரை ஓட்டினால் நல்ல விலை. நாள் முழுக்க ஓடாமல் சில மணி நேரம் ஓடுவதற்கு ஊக்கத்தொகை தரும்படி 2025 தொடக்கத்தில் சட்டத்தை மாற்றினார்கள். 2004, 2005-ல் கட்டிய ஆலைகளுக்கு 20 வருஷ வாக்கு இப்போதுதான் முடிகிறது. ஏலத்தில் இடம் பிடித்தால் அடுத்த சுற்று உண்டு. பிடிக்காவிட்டால் மூட வேண்டியதுதான். மூடினால் அந்த வெந்நீர்க் குழாயை நம்பியிருக்கும் வீடுகள் என்ன செய்யும் என்று பல ஊர்களில் பேச்சு நடக்கிறது.

சிலர் சோளத்துக்குப் பதிலாக சில்ஃபி என்ற மஞ்சள் பூச்செடிக்கு மாறுகிறார்கள். ஒரு தடவை நட்டால் பத்துப் பதினைந்து வருஷம் நிற்கும், வருஷா வருஷம் உழ வேண்டாம், கோடை முழுக்கத் தேனீக்களுக்கு விருந்து. வாயு சோளத்தைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். மற்றவர்கள் சாணிக்கும் வைக்கோலுக்கும் திரும்புகிறார்கள். ஆரம்பித்த இடத்துக்கே!

நமக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. பஞ்சாபின் சங்ரூர் மாவட்டம் லெஹ்ராகாகாவில் 2022-ல் திறக்கப்பட்ட பெரிய வாயு ஆலையைக் கட்டியது வெர்பியோ என்ற ஜெர்மன் நிறுவனம். நாளொன்றுக்கு 33 டன் அழுத்தப்பட்ட எரிவாயு தயாரிக்கும் திறன். தீனி என்ன தெரியுமா? நெல் அறுத்தபின் வயலிலேயே கொளுத்திவிட்டு டெல்லியையே மூச்சுத்திணற வைக்கிறார்களே, அந்த வைக்கோல். எரிக்கப் போகிற பொருளை வாங்கிக்கொள்கிறார்கள். அதற்காகத் தனியாக நிலம் உழ வேண்டியதில்லை.

2018-ல் மத்திய அரசு இப்படி 5,000 ஆலைகள் வேண்டும் என்று திட்டம் அறிவித்தது. இலக்குக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆனால் ஆலைக்காரர்களின் கணக்கில் வைக்கோலுடன் இன்னொரு பெயரும் அடிபடுகிறது. நேப்பியர் புல். நம் கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ-4, கோ-5 என்று மாட்டுக்காக உருவாக்கிய ரகங்களின் சொந்தக்காரப் புல்தான். வேகமாக வளரும், வருஷத்துக்குப் பல அறுப்பு, நல்ல வாயு. நாங்களே வாங்கிக்கொள்கிறோம், பயிரிடுங்கள் என்று ஒப்பந்தத்தோடு ஆட்கள் வருகிறார்கள்.

வந்தால் விரட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். விலை எத்தனை வருஷத்துக்கு எழுத்தில் இருக்கிறது? பாசனத் தண்ணீர் யாருடையது? தொட்டியிலிருந்து வெளியே வரும் ஸ்லரி நம் வயலுக்குத் திரும்பி வருமா? புல்லோடு போகும் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் அதில்தான் இருக்கிறது. அப்புறம், ஊரில் மாடு வைத்திருப்பவர்கள் பசுந்தீவனத்துக்கு இப்போது என்ன விலை கொடுக்கிறார்கள், ஆலை வந்தபின் என்ன கொடுக்க வேண்டியிருக்கும்? ஜெர்மனியில் 2004-ல் யாரும் கேட்காமல் விட்டது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.